சம்பந்திகளுக்கு ஒரு காப்பீடு

நான் வேலை பார்க்கும் மாத்திரை கம்பெனி திருபுவனைப் பக்கம் இருக்கிறது. பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். ஒரு வருஷம் திடீரென்று ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். வேலை செய்கிறவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களையும் கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் சேர்த்துக்கொள்ளலாம், சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்வோம், பழைய வியாதியாக இருந்தாலும் முதல் நாளிலிருந்தே செல்லும், பெயர் பதிய ஒரு மாதம் அவகாசம் என்று இருந்தது. கேன்டீனில் அன்றைக்கு எல்லோரும் அவரவர் மாமியாரின் முட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

எனக்கும் முட்டி வலியோடு ஒரு மாமியார் உண்டு. வில்லியனூருக்குப் பக்கத்துக் கிராமத்தில், எங்களோடுதான் இருக்கிறார். மாமனார் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அத்தைக்குச் சர்க்கரையும் உண்டு. அதை அவர் ஒத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். பாகூர் பக்கம் என் அப்பா தனியாக இருக்கிறார். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் ஒரே பெண். வந்து எங்களோடு இருங்கள் என்றால், "நெல்ல யாரு பாக்கறது, கரும்ப யாரு பாக்கறது?" என்பார். நெல்லும் கரும்பும் கைக்குழந்தைகள் என்று அவருக்கு நினைப்பு.

பர்சனல் ஆபீஸ் அதிகாரி அம்மாவிடம் போய் இரண்டு பேரையும் சேர்க்க வேண்டும் என்றேன். அவர் என் வயதுக்காரர். சிரிக்கவே மாட்டார்.

"அப்பா அம்மா, இல்லன்னா மாமனார் மாமியார். ஒரு செட்டுதான் எடுக்கணும். இங்க ஒண்ணு அங்க ஒண்ணு எடுக்க முடியாது."

"எனக்கு ரெண்டு பக்கமும் அரை செட்டுதான் மேடம் மிச்சம். ரெண்டு அரைய ஒண்ணா சேத்துக்கக் கூடாதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சிஸ்டம் எடுக்காது."

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். வில்லியனூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்கெல்லாம் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பார். எதற்கும் பதறாத மனிதர். "உங்கப்பாவப் போட்டுடு. தனியா கீறாரு பாவம்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் மனசுக்குள் நான் அத்தையின் பெயரைத்தான் நினைத்து வைத்திருந்தேன். வியாதி அவருக்குத்தான் அதிகம். தவிர, ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவரை விட்டுவிட்டு அப்பாவைச் சேர்த்தால் நான் எந்த முகத்தோடு காலையில் காபி கொண்டுபோய்க் கொடுப்பது?

நாங்கள் குசுகுசுவென்று பேசியது அடுப்படியில் இருந்த அத்தைக்குக் கேட்டுவிட்டது. எது கேட்கக் கூடாதோ அது அவருக்கு நன்றாகக் கேட்கும்.

"எனுக்கு எதுக்குமா இன்சூரன்ஸ்? நான் கல்லு மாதிரி கீறன். சம்பந்தியப் போடு. போன தடவ வந்தப்ப பார்த்தன், ஒரு மாதிரியா ஒக்காராரு. ஒடம்புல இன்னாவோ கீது அவருக்கு."

இதை நான் அப்பாவிடம் போனில் சொன்னதுதான் தப்பாகிப் போனது.

"நான் ஒரு மாதிரியா ஒக்காரனா? யாரு சொன்னது? நல்லா கேட்டுக்க, சம்பந்தியம்மாவ உட்டுட்டு என்னப் போட்டன்னா ஊரு இன்னா பேசும்? பொண்ணக் குடுத்துட்டு இன்சூரன்ஸப் புடிங்கிக்கினான்னு பேசும். அவுங்களயே போடு. அந்தம்மாவுக்குக் காலு தூணு மாதிரி வீங்கிக் கெடக்குது, பாக்கல நீ?"

இதை நான் அத்தையிடம் சொல்லவில்லை. அப்பாவே வந்து சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் ஒரு மூட்டை புது அரிசியை வைத்துக் கட்டிக்கொண்டு, கரிக்கலாம்பாக்கம் வழியாக வந்து இறங்கினார். தலைக்குப் புதிதாக மை போட்டிருந்தார். காதோரத்தில் கறுப்பு வழிந்து காய்ந்திருந்தது. யாரையும் கூப்பிடாமல் தானே மூட்டையைத் தூக்கி உள்ளே கொண்டுவந்து வைத்தார். தன் உடம்பு எப்படி இருக்கிறது என்று காட்டத்தான். வைத்துவிட்டு நிமிர்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அத்தையும் சும்மா இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், முட்டியைப் பிடிக்காமல் விருட்டென்று எழுந்து, "வாங்க சம்பந்தி" என்று சொல்லி, தண்ணீர் கொண்டுவர வேகமாக நடந்தார். அந்த நடைக்கு அவர் இரண்டு நாள் தைலம் தேய்த்தது எனக்குத்தான் தெரியும்.

"நீங்கதான் சம்பந்தியம்மா மொதல்ல" என்றார் அப்பா.

"அய்ய, நீங்க இருக்கும்போது நானா? பெரியவரு நீங்க."

"இன்னா பெரியவன்? எனுக்கு அறுவத்தெட்டுதான் ஆவுது. உங்க காலப் பாருங்க, எப்பிடி வீங்கி கீது."

"என் காலு இருக்கட்டும். மூட்டையத் தூக்கிட்டு உங்களுக்கு மூச்சு வாங்குச்சே, அது இன்னா?"

"மொபெட்டு ஓட்டிக்கினு வந்தா வாங்காதா?"

"மொபெட்டத் தள்ளிக்கினா வந்தீங்க?"

மரியாதையாகத்தான் ஆரம்பித்தது. கோழிக் குழம்பு பரிமாறி முடிப்பதற்குள் ஒருவர் உடம்பில் இருந்த எல்லாக் கோளாறையும் மற்றவர் சொல்லி முடித்துவிட்டார். இரண்டு பேருக்கும் மனசு சுணங்கிவிட்டது. அப்பா ரசத்துக்குக்கூட நிற்காமல் கிளம்பினார்.

யாராவது ஒருவர் இறங்கி வரட்டும் என்று நான் காத்திருந்தேன். ஒருவரும் இறங்கவில்லை. நடுவில் எங்கள் லைனில் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. ஒரு மத்தியானம் ஞாபகம் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால், பெயர் பதிகிற பக்கம் மூடியிருந்தது. அதற்கு முந்தின நாளே கடைசி நாள்.

பர்சனல் ஆபீஸுக்கு ஓடினேன்.

"அடுத்த வருஷம்தான்" என்றார் அந்த அம்மா.

"நடுவுல சேக்கவே முடியாதா மேடம்?"

"நடுவுல சேக்கணும்னா எம்ப்ளாயிக்குக் கல்யாணம் ஆகணும். இல்ல, குழந்தை பிறக்கணும்."

எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெண் காலேஜில் படிக்கிறாள். வீட்டில் இதை வேடிக்கையாகத்தான் சொன்னேன். என் வீட்டுக்காரர் உடனே சிரிக்காமல் கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

யோசித்த மனிதர் கடைசியில் ஒரு காரியம் செய்தார். தன் அம்மாவிடம் போய், "மாமாவ சேத்தாச்சுமா, நீ சொன்ன மாதிரியே" என்றார். என் அப்பாவுக்குப் போன் போட்டு, "அம்மாவ சேத்தாச்சு மாமா, நீங்க சொன்ன மாதிரியே" என்றார். இரண்டு பக்கமும் நிம்மதி. நான் அவரை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"இன்னாங்க இது?"

"ஒரு வருஷம்தானே? அதுக்குள்ள ரெண்டு பேருக்கும் இன்னா ஆயிடப் போவுது?"

ஆகியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைக்கும்படி ஆகிவிட்டது. ஏனென்றால் விட்டுக்கொடுத்தவர்கள் சும்மா இருக்கவில்லை. தாங்கள் விட்டுக்கொடுத்தது வீணாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஒரே அக்கறை. அத்தை தினமும் கேட்டார்: "உங்கப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனியா? இன்சூரன்ஸ வெச்சிக்கினு இன்னா பண்றாரு?" அப்பா ஒரு நாள் விட்டு ஒரு நாள் போன் பண்ணினார்: "அந்தம்மா முட்டியக் காட்டினாங்களா இல்லியா? காட்டச் சொல்லு." நான் இரண்டு பேருக்கும் லீவு கிடைக்கவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு சாயங்காலம் நேராக அத்தையின் போனுக்கே போட்டார். அத்தனை வருஷத்தில் அவர் சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்தது அதுதான் முதல்முறை. அத்தைக்குப் போனைக் காதில் வைத்துப் பேசப் பிடிக்காது. ஸ்பீக்கரில் போட்டு, கையில் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டுதான் பேசுவார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"சம்பந்தியம்மா, தப்பா நெனைக்காதீங்க. இன்சூரன்ஸு சும்மா கெடக்கக் கூடாது. முட்டியக் காட்டுங்க."

"எந்த இன்சூரன்ஸு?"

"உங்க பேருல போட்டாங்களே, அதுதான்."

"என் பேருலயா? உங்க பேருலல்ல போட்டாங்க? நான்தானே போடச் சொன்னன்."

அந்தப் பக்கம் ஒரு மாடு கத்தியது.

"இல்லியே சம்பந்தியம்மா. என் பேருல ஒண்ணும் இல்லியே."

அத்தை போனைக் கீழே வைக்காமலே என் பக்கம் திரும்பினார். நான் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா திரும்பவும் வந்தார். இந்தத் தடவை மூட்டை இல்லை. அவரும் அத்தையும் கூடத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்கள். நானும் என் வீட்டுக்காரரும் எதிரில் நின்றோம். சம்பந்திகள் இரண்டு பேரும் ஒரே கட்சியில் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"படிச்ச பொண்ணு. ஒரு மாசம் டைமு குடுத்திருக்காங்க. கோட்ட உட்டுட்டா" என்றார் அப்பா.

"அவள மட்டும் சொல்லாதீங்க. என் புள்ள இன்னா பண்ணான்? ரெண்டு வூட்டுக்கும் பொய் சொல்லிட்டு ஜாலியா கடைக்குப் போயிட்டான்" என்றார் அத்தை.

"நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்டதுலதான்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நாங்க எங்க சண்ட போட்டோம்?" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

பரிகாரமாக என் வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவரை வீட்டுக்குக் கூட்டி வந்தார். நல்ல மனிதர். அத்தையிடம் பணிவாகக் கேட்டார்.

"சுகர் இருக்குங்களாம்மா?"

"இல்லபா."

டிவிக்குப் பக்கத்தில் மாத்திரை டப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. நான், "இருக்குங்க சார், மறைச்சா பின்னால பிரச்சினை" என்றேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

"அப்ப சுகருக்கும் அதால வர்றதுக்கும் மூணு வருஷம் வெயிட்டிங்மா. முட்டிக்கு ரெண்டு வருஷம்."

"இப்ப உடனே இன்னாத்துக்குதான் குடுப்பீங்க?"

"ஆக்சிடெண்டுன்னா உடனே உண்டுமா."

"அப்ப நான் போயி விழுப்புரம் ரோட்டுல நிக்கட்டுமா?"

ஏஜெண்ட் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். மூன்று வருஷம் தன் சர்க்கரையைக் காத்திருக்கச் சொன்ன மனிதர் என்று அத்தை அவரைப் பற்றி இன்றைக்கும் சொல்வார்.

வழியைக் கண்டுபிடித்தது அத்தைதான். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு அரசாங்கக் காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் ஆகியிருந்தது. எழுபது வயது முடிந்தவர் யாராக இருந்தாலும், வசதி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் கொடுக்கிற அட்டை. தனக்கு எழுபதாக இன்னும் சில வருஷம் இருந்ததால், அத்தை போய் எல்லாம் விசாரித்துவிட்டு வந்து, அப்பாவுக்குப் போன் போடச் சொன்னார்.

"உங்க ஊருல இந்தக் கார்டுக்கு யாரும் வந்து சொல்லலியா சம்பந்தி?"

"வந்தாங்க வந்தாங்க. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸுல கேம்ப்பு போட்டாங்க. ஆட்டோவுல மைக்கு கட்டிக்கினு போனாங்க. அது கெழவங்களுக்கு. எனுக்குத்தான் அறுவத்தெட்டு ஆவுதே."

அத்தை ஒரு மூச்சு விட்டுக்கொண்டார். "சம்பந்தி, நிச்சயதார்த்தத்தப்ப உங்களுக்கு அம்பதுன்னு நீங்களே சொன்னீங்க. இவுங்களுக்குக் கல்யாணமாயி இருவத்திரெண்டு வருஷம் ஆவுது."

அந்தப் பக்கம் மறுபடியும் மாடு கத்தியது.

"அப்ப கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பன்" என்றார் அப்பா.

"பொண்ணுக்கு அப்பாரு வயச எதுக்குக் கூட்டிச் சொல்லணும்? ஆதார எடுத்துப் பாருங்க."

ஆதாரில் எழுபத்திரண்டுதான் இருந்தது. நான் லீவு போட்டு அவரைப் பொது சேவை மையத்துக்குக் கூட்டிப் போனேன். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களை மிஷின் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. போனுக்கு நம்பர் வரவழைத்துச் செய்தார்கள். அங்கே இருந்த பெண் திரையையும் அவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "எழுபது முடிஞ்சவங்களுக்குத்தான் சார் இது. உங்களுக்குத்தானா?" என்று கேட்டாள். அப்பா அந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் அனுபவித்தார். வெளியே வந்ததும், "பார்த்தியா, அந்தப் பொண்ணே நம்பல" என்றார். தலைக்குப் போட்ட மை வீண்போகவில்லை.

அட்டை வந்ததும் அத்தை விடவில்லை. "அவரு கைய ஒரு பக்கமா வெச்சிக்கினு ஒக்காராரு, நான் அன்னிக்கே சொன்னன், கூட்டிக்கினு போ" என்று என்னை விரட்டினார். டாக்டர் பார்த்த உடனே சொல்லிவிட்டார். குடலிறக்கம். ரொம்ப நாளாக இருக்கிறது, ஆபரேஷன்தான், இன்னும் தள்ளிப்போட்டால் ஆபத்து என்றார். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டதற்கு, அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "உங்கம்மா இருக்கும்போதே லேசா இருந்துச்சு" என்றார். பெண்ணிடம் சொல்லக் கூச்சம். அதை வைத்துக்கொண்டுதான் அரிசி மூட்டையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

ஆபரேஷன் அன்று காலையில் பச்சை அங்கி போட்டு அவரை ஸ்டிரெச்சரில் படுக்க வைத்திருந்தார்கள். மை வெளுத்து நரை தெரிய ஆரம்பித்திருந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்ச யாரிடம் சொல்லியிருக்கிறார், எந்த மடையை முதலில் திறக்க வேண்டும் என்று விளக்கமாகச் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது. என் கல்யாணத்தன்றுகூட அவர் கை அப்படி இருந்ததில்லை. உள்ளே தள்ளிக்கொண்டு போனதும் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முட்டி மடங்காமல் காலை நீட்டி வைத்துக்கொண்டு, முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "வயசச் சொன்னா கொறஞ்சிடும்னு நெனைச்சிக்கினு கீறாரு மனுஷன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் போடாதீர்கள் என்று நர்ஸ் வந்து அதட்டினாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும் அன்று கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. பில் கொண்டுவருவார்கள் என்று கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். "கெளம்புங்க சார், வேற பேஷண்ட் வராங்க" என்று சொன்ன பிறகுதான் செருப்பைத் தேடினார். இரண்டு மாதம் எங்கள் வீட்டில் இருந்தார். கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்தை அவரைத் தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தூக்க விடவில்லை.

அடுத்த வருஷம் கம்பெனியில் பெயர் பதியத் திறந்த அன்றைக்கு, காலை ஷிப்ட் தொடங்குவதற்கு முன்பே அத்தையின் பெயரைப் பதிந்துவிட்டேன். அப்பாவுக்கு அரசாங்க அட்டை இருந்ததால் இந்தத் தடவை யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பதிந்ததா என்று பார்க்கப் பர்சனல் ஆபீஸுக்கே போய்விட்டேன். "இன்னும் மெயிலே எல்லாருக்கும் போய்ச் சேரல" என்றார் அந்த அம்மா. அவர் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து அத்தைக்கு ஒரு முட்டியை மாற்றினார்கள். பழைய வியாதி, புது வியாதி என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து காலை மடக்கப் பயிற்சி கொடுக்கிற ஆளை அத்தை முதல் நாளே எதிரி என்று முடிவு செய்துவிட்டார். அவர் தலை தெரிந்ததும் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி படுத்துக்கொள்வார். என் வீட்டுக்காரர் கடையை மத்தியானமே மூடிவிட்டு வந்து, கூடவே நின்று, "இன்னும் ஒரு தடவமா, இன்னும் ஒரே ஒரு தடவ" என்று தாஜா பண்ணினார்.

அப்பா வாரா வாரம் பார்க்க வந்தார். இரண்டு பேருக்கும் இப்போது பேசுவதற்கு விஷயம் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை நான் அவசர ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கூடத்தில் அத்தை காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டிருந்தார். அப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க ஆஸ்பத்திரியில காலையில குடுத்த இட்லி பஞ்சு மாதிரி இருக்கும்" என்றார் அப்பா.

"எங்க ஆஸ்பத்திரியில ஏசி இருந்துச்சு" என்றார் அத்தை.

"ஏசி ஒடம்புக்கு ஆவாது. டாக்டரு எப்பிடி?"

"சின்ன வயசு. கெட்டிக்காரன். தமிழு நல்லா பேசறான்."

"என் டாக்டரு என்ன 'அண்ணே'ன்னுதான் கூப்பிட்டாரு. 'ஐயா'ன்னு கூப்பிடல."

அத்தை அதற்கு என்ன சொன்னார் என்று கேட்க எனக்கு ஆசைதான். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டது. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஓடினேன்.